பள்ளிக்கூடம் வரை துணைக்கு ஒரு நாய்

அக்காவின் புருஷன் நாய் வேண்டும் என்று சொல்லவில்லை. பிள்ளைகளோடு கூடப் போக ஒரு நாய் இல்லையென்றால் பெரியவளின் படிப்பை நிறுத்திவிடுவேன் என்றுதான் சொன்னார். இரண்டுக்கும் வித்தியாசம் இருப்பதால் அவர் சொன்னபடியே எழுதிவைக்கிறேன்.

அக்கா குடும்பம் கொஸ்லந்த பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஒன்பது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு மேல் இல்லாததால் இருவரும் கீழே பெரிய ரோட்டோரத்தில் இருந்த பள்ளிக்கு நடந்து போனார்கள். வழியில் கால் மைல் தூரத்துக்கு டர்பண்டைன் மரக்காடு. பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த பதினாலு வயதுப் பெண் அதுவரை இவர்களைக் கூட்டிப் போனாள். அந்த மாதம் அவள் குடும்பம் பாஸ்போர்ட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டது. அவர்கள் போன மூன்றாம் நாள் காட்டுக்குள் ஒரு பன்றி குட்டிகளோடு பாதையைக் குறுக்கே கடந்தது. சின்னவள் புத்தகப் பையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். பெரியவள் பையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். இருவரும் அதற்குப் பிறகு போகவில்லை.

திரும்பி வருவதில் சிக்கல் இல்லை. பகலில் விறகு பொறுக்குகிறவர்கள் காட்டில் இருப்பார்கள். காலையில்தான் யாரும் இல்லை. அக்கா ஆறு மணிக்கே பெரட்டுக்குப் போக வேண்டும். பெரட்டு என்பது, விடியற்காலையில் தப்பு மேளம் அடிக்கும் சத்தம் கேட்டதும் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஒரு மைதானத்தில் கூடி அன்றைய வேலையை வாங்கிக்கொள்வது. மச்சானும் அதே நேரத்தில் தொழிற்சாலைக்குப் போய்விடுவார்.

“பன்னிக்கு நாய்னா ஆகாது. ஒரு நாய் கூடப் போச்சுன்னா போகட்டும். இல்லாட்டி பெரியவ வீட்லருந்து சோறாக்கட்டும். ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்சாச்சுல்ல, கையெழுத்துப் போடத் தெரியும்” என்றார் மச்சான்.

பெரியவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணக்கில் அவள் வகுப்பிலேயே முதல். அதை இந்த இடத்தில் யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய வாத்தியார் வேறு ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: இன்னும் இரண்டு திங்கட்கிழமை பார்ப்பேன், இரண்டாவது திங்களும் வராவிட்டால் வரவு இடாப்பில் இருந்து பெயரை வெட்டிவிடுவேன்.

நாய் தேடும் பொறுப்பு எனக்கு வந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. இரண்டு வருஷம் படம் வரையும் தொழில் படித்து, பதுளையில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் காணி வரைபடங்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். டவுனில் விதவிதமான நாய்கள் இருக்கும் என்பது மச்சானின் எண்ணம். முறையாகத் தேர்ந்தெடுத்தால் எதுவும் தப்பாகாது என்பது என்னுடையது. அங்கேயே உட்கார்ந்து, தேவையானவற்றை ஒரு தாளில் எழுதினேன். உயரம், முழங்காலுக்குக் கீழே. சாப்பாடு, வேளைக்கு ஒரு சிரட்டைக்கு மேல் கூடாது. வயது, இரண்டிலிருந்து நான்கு. ஆண். பிள்ளைகளைக் கடித்ததாகப் பேச்சு இருக்கக் கூடாது. மழையிலும் நடக்க வேண்டும். அட்டை கடித்தால் ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. குரல் உடம்பைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உரக்க வாசித்துக் காட்டினேன்.

“உனக்கு மாப்பிள்ள பாத்தப்ப இதுல பாதி கேக்கலையேடி” என்றாள் அக்கா.

“சாப்பாட்ட அரைச் செரட்டைன்னு எழுது” என்றார் மச்சான். “அரிசிக் கூப்பன் புத்தகத்துல நாய்க்கு எடமில்ல.”

பஞ்சத்தில் பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அரைச் சிரட்டை என்று திருத்தினேன்.

முதலில் பார்த்தது பதுளை கடைத்தெருவில் ஒரு புடவைக்கடைக் குடும்பத்தின் நாய். வெள்ளை, சடை, முழங்காலுக்கு நான்கு அங்குலம் குறைவு. முதலாளியின் மனைவி அதை மடியிலிருந்து இறக்காமலே பேசினார்.

“ரொம்பச் சாதும்மா. பாலும் பிஸ்கட்டும் தவிர ஒன்னும் தொடாது.”

“மழையில நடக்குமாங்க?”

“இது எதுக்கு மழையில நடக்கணும்?”

தாளை மடித்துவிட்டேன்.

இரண்டாவது நாயைச் சொன்னவர் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே இரும்புக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி. “எங்களுக்கு நாய் ஆகாது தங்கச்சி. ஆனா கடைக்குப் பின்னுக்கு ஒன்டு ஈக்கிது. அதுக்கும் வெளங்கும், ஒரு நாள் வாசப்படியத் தாண்டினதில்ல. நல்ல மரியாத தெரிஞ்ச நாய்” என்றார். அளவு சரியாக இருந்தது, குரல் மிகச் சரியாக இருந்தது. கயிறு கட்டி நடத்திப் பார்த்தேன். கடைத்தெரு முடியும் இடம் வரை வந்தது. அங்கே ஒரு கோடு போட்டிருப்பதுபோல நின்று, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்தது. மூன்று நாள் மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் அதே இடம். எல்லை தெரிந்த நாய் என்பதால் எனக்கு மரியாதைதான் வந்தது, ஆனால் பயன் இல்லை.

பெரகல சந்தியில் தேநீர்க்கடை வாசலில் இருந்த நாய் யாரோடும் போகும் என்று கேள்விப்பட்டேன். விசாரித்தபோது, எந்த பஸ்ஸிலும் ஏறிப் போகும் என்று தெரிந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

உண்மையில் அந்த வருஷங்களில் தோட்டத்து நாய் கிடைப்பது கஷ்டமில்லை. ஒவ்வொரு மாதமும் யாராவது இந்தியாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். ஆட்டை விற்பார்கள், கோழியைத் தின்பார்கள், அம்மியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பார்கள். நாய்தான் மிஞ்சும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒரு கங்காணி மறுமாதம் போகிறார், நல்ல நாய் ஒன்று வைத்திருக்கிறார் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை அங்கே போனேன்.

கங்காணி கொழுந்து பறிக்கும் பெண்களை மலைக்குக் கூட்டிப் போய் மேய்ப்பவர். இருபது வருஷம் அதே வேலை. நாய் செம்மண் நிறம், ஒரு காது கிழிந்தது, வயது மூன்று. அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. அது முன்பு அந்தத் தோட்டத்தை நிர்வகித்த ஒரு துரையின் பெயர் என்பதால் இங்கே எழுதவில்லை.

சோதனைகளைத் தொடங்கினேன். அதற்குப் பின்னால் ஒரு தட்டைப் போட்டேன், திரும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டது. வாயிலிருந்த எலும்பைப் பிடுங்கினேன், விட்டுக்கொடுத்தது. முகத்துக்கு நேரே குடையை விரித்தேன், நகர்ந்து உட்கார்ந்தது. வீட்டுக் குழந்தை ஒன்று அதன் மேல் ஏறி உட்கார்ந்தது, பொறுத்துக்கொண்டது. தூறலில் பஸ் நிற்கும் இடம் வரை நடந்து, திரும்பியும் வந்தது.

“வால மட்டுந்தான் இன்னும் அளக்கல” என்றார் கங்காணியின் மனைவி.

கங்காணி சிரிக்கவில்லை. “காலையில எழுப்ப வேண்டியதில்லம்மா. அதுவா எந்திரிச்சிரும்.”

அதை எழுதி அடிக்கோடிட்டேன்.

“அங்க வேல இருக்குமா இதுக்கு?” என்று கேட்டார்.

“இருக்குங்க. தெனமும்.”

“அப்ப சரி. வேல இல்லாட்டி வாடிப்போயிரும்.”

‘நடை தேவை’ என்று எழுதிக்கொண்டேன். நான் அவரிடம் மொத்தம் பதினான்கு கேள்விகள் கேட்டிருந்தேன். இத்தனை நாளும் இந்த நாய் என்ன செய்துகொண்டிருந்தது என்பது அவற்றில் இல்லை.

புறப்படும்போது கங்காணி எழுந்து உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான் நாயைக் கூடையில் வைத்துத் துணி மூடிக் கொடுத்தார். பஸ்ஸில் நாய்க்கு அனுமதி இல்லை. கண்டக்டர், “கூடையில கோழியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “மரக்கறியா?” இல்லை என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கொஸ்லந்த வரை அது கூடைக்குள் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் அதைக் காடு வரை நடத்திக்கொண்டு போய்வந்தார்கள். முன்னால் போய், நின்று, திரும்பிப் பார்த்து, இவர்கள் வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தது. சின்னவள் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்துவிட்டாள். மச்சான் நாயை மேலும் கீழும் பார்த்து, “சின்ன வயிறுதான்” என்றார். வேலை முடிந்தது என்று எண்ணிக்கொண்டு மத்தியான பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை பெரியவளிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. ‘சித்தி, நாங்கள் நலம். திங்கட்கிழமை நாய் பெரட்டுக்குப் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை கட்டி வைத்து இழுத்துப் போனோம். காட்டு ஓரத்தில் படுத்துவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை. இனி ஒரு திங்கட்கிழமைதான் இருக்கிறது. அப்பா உங்களை ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கிறார்.’

செவ்வாய் வரை லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அக்கா நடந்ததைச் சொன்னாள். திங்கட்கிழமை தப்புச் சத்தம் கேட்டதும் நாய் எழுந்து, உடம்பை உதறி, அக்காவுக்கு முன்னால் பெரட்டு மைதானத்துக்குப் போயிருக்கிறது. பெண்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வேலை பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, “யாரு இது, புது ஆளா? பேரு குடுத்தாச்சா?” என்று கேட்டிருக்கிறார். அக்கா நாயின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். துரையின் பெயரைக் கேட்டதும் மைதானமே சிரித்திருக்கிறது. பிறகு நாய் கொழுந்து பறிக்கும் பெண்களோடு மலைக்குப் போய், மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் போய், சாயங்காலம் அவர்களோடு திரும்பி வந்திருக்கிறது.

“நாய் உத்தியோகத்துக்குப் போகுது, புள்ளைக வீட்ல இருக்குதுக” என்றார் மச்சான். “நல்லாத்தான் தேடிப் புடிச்ச.”

பெரியவள் அன்று சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வடிக்கத் தெரிந்துவிட்டது என்பதை மச்சான் கவனித்தார் என்பதை நான் கவனித்தேன்.

சனிக்கிழமை காலை நாயின் பின்னாலேயே போனேன். ஆறு மணிக்கு மைதானம். ஆறே காலுக்கு நாற்பது பெண்கள் ஆறாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். எங்கள் பக்கம் தேயிலைக் காணியின் ஒவ்வொரு துண்டும் மலைதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நாய் வரிசையின் ஓரமாகவே நடந்தது. யாராவது பின்தங்கினால் திரும்பி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றது. அவர்கள் நடந்ததும் நடந்தது. நான் மூச்சு வாங்கி நின்றபோது எனக்காகவும் வந்து நின்றது. அதன் உத்தியோகம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதனிடம் தவறு எதுவும் இல்லை.

மலை உச்சியில் நின்று பார்த்தேன். நேர் கீழே பெரிய ரோடும், பள்ளிக்கூடத்தின் தகரக் கூரையும் தெரிந்தன. தேயிலைக்கு நடுவே மழைத் தண்ணீர் இறங்கும் கானை ஒட்டி ஒரு ஒற்றையடிப் பாதை கீழே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பதினெட்டு நிமிஷம். வழியில் காடே இல்லை.

கணக்கப்பிள்ளையைத் தேடிப் போய், கொழுந்து பறிக்கும் பெண்கள் எந்தக் கிழமை எந்த மலைக்குப் போவார்கள் என்று கேட்டேன்.

“அத கொழுந்துதாம்மா சொல்லணும், நான் எப்பிடிச் சொல்றது?”

“ஏறக்குறைய சொல்லுங்கய்யா.”

“ஏறக்குறையன்னா சரி” என்று ஒன்பது மலைகளின் வரிசையைச் சொன்னார்.

ஞாயிறு முழுவதும் வரைந்தேன். ஒவ்வொரு மலைக்கும் ஒரு கட்டம், அதிலிருந்து பள்ளிக்குப் பாதை, எத்தனை நிமிஷம். ஐந்து மலைகளிலிருந்து நல்ல பாதை. மூன்றிலிருந்து சுற்றுப் பாதை. ஒன்பதாம் நம்பர் மட்டும் டர்பண்டைன் காட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து இறங்கினால் காட்டின் குறுக்கேதான் போக வேண்டும். அதற்கு எதிரே ‘வீட்டில் இருக்கவும்’ என்று எழுதினேன். தாளின்படி ஒன்பதாம் நம்பர் புதன்கிழமை.

சாயங்காலம் மச்சானிடம் பேசினேன்.

“நாய் கூடப் போனா போகட்டும்னுதானே சொன்னீங்க மச்சான்?”

“ஆமா.”

“நாய் காலையில மலைக்குப் போகுது. இதுகளும் கூடப் போகும். மலையிலருந்து நேரா பள்ளிக்கூடம்.”

அவர் தாளை வாங்கி விளக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “மலையிலருந்து நாய் வராதே.”

“காட்டுக்குத்தானே நாய். இதுல காடே இல்ல.”

“ம்” என்றார். நாற்பது பெண்கள் போகும் வழியில் நாய் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. “நாளைக்குப் பாப்போம்” என்று தாளைப் பெரியவளிடம் கொடுத்தார்.

திங்கட்கிழமை மூடுபனி. சின்னவள் பாதித் தூக்கத்தில் நடந்தாள். என் தாளின்படி அன்று ஏழாம் நம்பர், இருபத்திரண்டு நிமிஷம். கணக்கப்பிள்ளை வந்து நின்று ஆட்களைப் பிரித்தார்.

“கொழுந்தாளுங்க எல்லாம் ஒம்பதாம் நம்பரு.”

“ஐயா, புதன்கிழமைன்னு சொன்னீங்களே” என்றேன்.

“சனி ராத்திரி மழையில அங்க கொழுந்து திரண்டுருச்சும்மா. ஏறக்குறையன்னுதானே கேட்டீங்க?”

பெண்கள் புறப்பட்டார்கள். நாய் போய்விட்டது. பெரியவள் தாளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நான் கூட வர்றேன். பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன்” என்றேன்.

“நாளான்னைக்கு யாரு சித்தி விடுவா? நீங்க பதுளையில இருப்பீங்க.”

அவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்களோடு நடந்தாள். நானும் பின்னால் ஏறினேன்.

ஒன்பதாம் நம்பர் மலையின் கீழ் ஓரத்தில் தேயிலை முடிந்து காடு தொடங்கியது. பனியில் முதல் வரிசை மரங்கள் மட்டும் தெரிந்தன. பெரியவள் சாப்பாட்டு டின்னையும் கரண்டியையும் பையிலிருந்து எடுத்து, கரண்டியைச் சின்னவளிடம் கொடுத்தாள். “நிறுத்தாம தட்டணும், சத்தம் கேட்டா பன்னி கிட்ட வராது. கை வலிச்சா சொல்லு, நான் தட்டுறேன்” என்றாள். இருவரும் மரங்களுக்குள் போனார்கள். ஐந்தாறு அடியில் அவர்களைக் காணவில்லை. டின் சத்தம் மட்டும் கேட்டது.

நாய் காட்டோரம் வரை இறங்கிப் போய் உட்கார்ந்தது. பின்தங்கியவர்களைக் கூட்டி வருவதுதான் அதன் வேலை. இவர்கள் முன்னால் போகிறவர்கள். அதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை போலும், அங்கேயே இருந்தது.

அக்கா கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். காட்டுப் பக்கம் பார்க்கவில்லை. மேல் வரிசையில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒருத்தி இருமினாள், மற்றவள் அவளை அடக்கினாள். சத்தம் சின்னதாகிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். பிறகு மறுபடி கேட்டது, இந்த முறை வேகமாக. கை மாறியிருக்கிறது. அப்புறம் மெல்ல மெல்ல ஒன்றும் கேட்காமல் போனது. நாய் எழுந்து உதறிக்கொண்டு மேலே வந்தது.

“கொழுந்த பாத்து எடு, முத்தினது போகுது” என்றாள் அக்கா பக்கத்தில் நின்றவளிடம். அந்தப் பெண்ணின் கூடையில் அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டு மணிக்கு இருவரும் விறகுக்காரர்களோடு திரும்பி வந்தார்கள். முழங்கால் வரை சேறு. டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

“பேர வெட்டிட்டாங்களா?” என்று கேட்டேன்.

“பேனாவத் தொறந்து வச்சிருந்தாரு. எங்களப் பாத்துட்டு மூடிட்டாரு.”

“வேற ஒன்னும் கேக்கலையா?”

“காலக் கழுவிட்டு வகுப்புக்குப் போகச் சொன்னாரு.”

மச்சான் சாயங்காலம் வந்து தேத்தண்ணி குடித்தார். ஒன்பதாம் நம்பர் செய்தி தொழிற்சாலைக்குப் போயிருந்தது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

“நாய் கூட வந்துச்சா?” என்று பெரியவளைக் கேட்டார்.

அவளுக்குப் பொய் சொல்ல வராது. “மல வரைக்கும் வந்துச்சுப்பா.”

“அங்கருந்து?”

“அங்கருந்து நாங்க போய்ட்டோம்.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். அக்கா அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். நான் தேவைப்பட்டால் சொல்ல மூன்று காரணங்கள் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

“நாளைக்கு எத்தனாம் நம்பரு?” என்று கேட்டார்.

நான் தாளை எடுக்க எழுந்தேன். பெரியவள் தாளைப் பார்க்கவில்லை.

“தப்படிக்கிற மாமாகிட்ட கேட்டுட்டேன்பா, அவருக்கு மொதநாளே சொல்லிருவாங்க. ரெண்டு.”

என் தாளில் நான்கு என்று இருந்தது. மறுநாள் காலை எல்லோரும் இரண்டாம் நம்பருக்குத்தான் ஏறினார்கள். நாய் முன்னால் போனது.